போல்ட்டைக் கூட்டினால் பொருத்து பலக்குமா?

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைநகரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், 9 மீற்றர் அகலத்தில் ஒரு மண்டபம். நோர்வேயில் இருக்கிற அண்ணா, பலகைகளை ஒட்டிச் செய்த குளூலாம் மரங்களை வரைபடத்தோடு 20 அடிக் கொண்டெய்னரில் அனுப்பியிருக்கிறார். அந்தக் கொண்டெய்னரின் உள்நீளம் 6 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதனால் கூரைச் சட்டத்தின் அடியில் குறுக்கே போகும் இழுவை மரம் இரண்டு துண்டாக வந்திருக்கிறது. நடுவில் இரண்டு முகத்திலும் 6 மி.மீ. இரும்புப் பிளேட் வைத்துப் போல்ட் போட்டிருக்கிறீர்கள். மரம் 90 மி.மீ. தடிப்பு, 280 மி.மீ. உயரம். பொருத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வரிசையில் 4, கீழ் வரிசையில் 4 என்று 16 மி.மீ. போல்ட்டுகள், 160 மி.மீ. இடைவெளியில். மரம் ஐப்பசியில் வந்தது, தையில் ஏற்றினீர்கள், ஆவணியில் பார்த்தால் போல்ட் வரிசை நெடுக வெடிப்பு. ஓடாவியார் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இன்னொன்று போடச் சொல்கிறார். ஹாட்வெயார்காரர் 16ஐக் கழற்றி 20 போடச் சொல்கிறார். எது சரி?

இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுமையாக வாசியுங்கள்.

விறகு கொத்துகிறவரைப் பாருங்கள். கோடரியை நாருக்குக் குறுக்கே போடமாட்டார், நாரோடுதான் போடுவார். பெரிய குற்றி என்றால் ஆப்பு இறுக்குவார். மரத்துக்குள் இருக்கிற போல்ட்டும் இழுவை வரும்போது அதே ஆப்பு வேலையைத்தான் செய்கிறது. உருண்டையான இரும்பு தனக்கு முன்னால் இருக்கிற மரத்தை நாரின் போக்கில் தள்ளுகிறது. தள்ளும்போது நார்கள் மேலும் கீழுமாக விலகப் பார்க்கின்றன. சாதாரணமாகக் கிடைக்கிற ஜிஎல் 24 தரக் குளூலாமை எடுத்துக்கொண்டால், நாரின் போக்கில் இழுத்தால் சதுர மில்லிமீற்றருக்கு 19 நியூட்டன் அளவு தாங்கும். நாருக்குக் குறுக்கே இழுத்தால் வெறும் 0.5. ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. ஒட்டுமரம்தானே, பசை பிடித்து வைத்திருக்கும், பிளக்காது என்று பலர் நினைக்கிறார்கள். குளூலாமில் எல்லாப் பலகையும் ஒரே திசையில்தான் படுத்திருக்கிறது. பசை பலகையைப் பலகையோடு பிடிக்கும். ஒரு பலகைக்குள்ளேயே நார் நாராகப் பிரிவதை அது தடுக்காது. பிளைவுட் அப்படியில்லை, அதில் ஒரு படை நீட்டாக, அடுத்தது குறுக்காக. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆக, பொருத்தில் பலவீனமான ஆள் போல்ட் அல்ல, மரம். பலமான ஆளுக்கு இன்னும் பலம் சேர்த்து என்ன பலன்?

ஓடாவியாரின் யோசனையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரே வரிசையில், நாரின் போக்கில், பல போல்ட் நிற்கும்போது எல்லாம் சமமாகச் சுமப்பதில்லை. ஐரோப்பிய மரக் கட்டுமான விதியான யூரோகோட் 5 இதற்கென்று ஒரு கழிவு வைத்திருக்கிறது. போல்ட்டுகளின் எண்ணிக்கையையும், இடைவெளி போல்ட் விட்டத்தைப்போல எத்தனை மடங்கு என்பதையும் வைத்து அந்தக் கழிவு வரும். இப்போது உங்கள் வரிசையில் இருக்கிற 4 போல்ட், 160 மி.மீ. இடைவெளியில், 3.26 போல்ட்டுக்குச் சமன். நடுவில் மூன்று போட்டால் 7 போல்ட், 80 மி.மீ. இடைவெளி, அது 4.54 போல்ட்டுக்குச் சமன். மூன்று புதுத் துளை போட்டு ஒன்றேகால் போல்ட்டின் பலனைத்தான் வாங்குகிறீர்கள். அதுவும் வெடிப்பில்லாத மரத்துக்கான கணக்கு. உங்கள் மரத்தில் வெடிப்பு ஏற்கெனவே அந்தக் கோட்டில் ஓடுகிறது. அதே கோட்டில் இன்னும் மூன்று துளை என்பது, கிழிக்க வேண்டிய கடதாசியில் ஊசியால் வரிசையாகக் குத்தி வைப்பது போல.

20 மி.மீ. யோசனை இதைவிட மோசம். 1949இல் டென்மார்க்கின் யோஹான்சன் எழுதி வைத்த கொள்கைதான் இன்றைக்கும் இந்தக் கணக்குகளுக்கு அடிப்படை. அதன்படி, மரத்தின் தடிப்போடு ஒப்பிட்டால் மெல்லியதாக இருக்கிற போல்ட் மரத்துக்குள் வளையும். வளைவது நல்லது. வளைந்து, மரத்தைக் கொஞ்சம் நசுக்கி, சத்தம் காட்டி, பொருத்து மெல்ல இளகும். உங்களுக்கு ஓடி வர நேரம் கிடைக்கும். தடித்த போல்ட் வளையாது. நேராக நின்றபடி மரத்தைப் பிளக்கும், அது முன்னறிவித்தல் இல்லாமல் நடக்கும். 90 மி.மீ. மரத்துக்கு 16 மி.மீ. போல்ட்டே கொஞ்சம் தடிப்புத்தான். என் கையில் இருந்திருந்தால் 12 போட்டிருப்பேன்.

உங்கள் அண்ணா இருக்கிற நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ட்ரெட்டன் என்ற இடத்தில் 2012இல் திறந்த குளூலாம் பாலம், பத்தே வருடத்தில், 2022 ஓகஸ்ட் 15ஆம் திகதி காலையில் ஆற்றுக்குள் விழுந்தது. பாலத்தில் ஒரு லொறியும் ஒரு காரும் நின்றன. நல்ல காலம், இரண்டு சாரதிகளும் தப்பினார்கள். விசாரணையில் வந்தது என்ன? சாய்வு மரம் ஒன்றின் பொருத்தில், இரும்பு ஊசிகள் நின்ற பகுதி ஒரு கட்டியாக மரத்திலிருந்து பிய்ந்து வந்திருக்கிறது. அதற்கு முன்னர், 2003 ஜனவரியில், டென்மார்க்கின் பாலருப்பில் 72 மீற்றர் அகலக் கூரை ஒன்றின் இரண்டு சட்டங்கள் விழுந்தன. பெரிய பனியும் இல்லை, காற்றும் இல்லை. மூலைப் பொருத்தில் பிளேட் செருகக் கீறின கீறலையும் போல்ட் துளையையும் கழிக்காமல் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் வேண்டிய வலிமையில் கால்வாசி சொச்சந்தான் இருந்தது. இரண்டிலும் போதாமல் போனது பொருத்தில் இருந்த மரம்.

சரி, உங்கள் மண்டபத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தவுடன் எனக்கு வந்த சந்தேகம் சுமை பற்றியதல்ல, ஈரம் பற்றியது.

மரம் ஐப்பசியில் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வளவில் தறப்பாள் மூடி வைத்திருந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தறப்பாள் மேலே வருகிற மழையைத் தடுக்கும். நிலத்திலிருந்து எழும்புகிற ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். தொழிற்சாலையை விட்டு 12 சதவீத ஈரத்தோடு வந்த மரம் மூன்று மாதம் அந்தக் குளிப்பில் கிடந்திருக்கிறது. தையில் ஏற்றிப் போல்ட்டை இறுக்கிவிட்டீர்கள். வைகாசி தொடங்கிச் சோளகம். காய்ந்த காற்று, மேலே தகரக் கூரை, மரம் வற்றாமல் என்ன செய்யும்? ஊசியிலை மரம் நாருக்குக் குறுக்கே, ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் கால் சதவீதம் அளவு சுருங்கும். உங்கள் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் 180 மி.மீ. நாலு சதவீதம் ஈரம் குறைந்தாலே 1.8 மி.மீ. சுருக்கம். போல்ட் துளை போல்ட்டைவிட 1 மி.மீ.க்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது என்பது விதி. மரம் 1.8 சுருங்கப் பார்க்கிறது; இரண்டு வரிசையையும் பிடித்து வைத்திருக்கிற ஒரே பிளேட் விடமாட்டேன் என்கிறது. மரம் எங்கே வெடிக்கும்? போல்ட் துளை நெடுகத்தான், உங்கள் படத்தில் இருக்கிற மாதிரியேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு களஞ்சியக் கூரையில் இதே பிழையை நானே செய்தேன். அகலமான ஒரே பிளேட், பார்க்க வடிவாக இருந்தது. ஓர் ஆடி மாதம் கடந்ததும் வெடித்தது. அன்றைக்கு என்னோடு நின்ற வயதான ஓடாவி ஒருவர், "தம்பி, மரத்துக்கு மூச்சு விட இடம் குடுக்கேல்லை" என்றார். எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. நாற்சார் வீடுகளின் பழைய கைமரங்களைக் கவனியுங்கள்: மரத்தில் மரம் ஏறி உட்கார்ந்திருக்கும், சுமை அமுக்கமாகப் போகும், ஆணியும் முளையும் விலகாமல் பிடிக்க மட்டும். அங்கே யாரும் மரத்தைக் குறுக்கே இழுப்பதில்லை.

இனிச் சுமை. சட்டங்கள் 3 மீற்றருக்கு ஒன்று, முகடு 2.25 மீற்றர் உயர்வு என்று வரைபடத்தில் இருக்கிறது. தகரம், அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான பேர்லின், மரம், மேலே ஏறுகிற ஆள் எல்லாம் சேர்த்துத் தாராளமாகச் சதுர மீற்றருக்கு 1 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 100 கிலோ பாரம்) வைத்தால், இழுவை மரத்தில் வருவது 13.5 கிலோநியூட்டன்தான். உங்களிடம் இருக்கிற 16 மி.மீ. போல்ட் ஒன்று, சாதாரண 4.6 தரம் என்றாலும், இரண்டு முகமும் சேர்த்து 27 கிலோநியூட்டன் அளவு பண்பு வலிமை, அதாவது பாதுகாப்புக்குக் கழிக்க முன் உள்ள வலிமை, உடையது. பாதுகாப்புக் காரணிகளை எல்லாம் வைத்துக் கழித்தாலும் இரண்டு போல்ட் போதும். நீங்கள் எட்டுப் போட்டிருக்கிறீர்கள்! ஏன் எட்டு? அண்ணாவின் வரைபடம் பனி விழுகிற ஊருக்கு வரைந்தது. அங்கே கூரையில் சதுர மீற்றருக்கு 3, 4 கிலோநியூட்டன் பனிச் சுமை வைப்பது சாதாரணம். காரைநகரில் பனி விழுந்தால் நான் கணக்கைத் திருப்பிப் போடுகிறேன்.

உங்களுக்கு உண்மையில் பார்க்க வேண்டியது மறுபக்கச் சுமை. தகரக் கூரை பாரமில்லாதது, கடற்கரைக் காற்று அதைத் தூக்கும். தூக்கும்போது இழுவை மரம் அமுக்கத்துக்கு மாறும். மாறி மாறி ஆடினால் பெரிதாகத் துளைத்த போல்ட் தளரும். சட்டத்தின் கால் சுவரில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அதை ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். இந்த வெடிப்பைவிட அதுதான் எனக்குக் கவலை.

இனி என்ன செய்யலாம். நான் செய்வதாக இருந்தால் இப்படித்தான் போவேன்.

முதலில் ஈரம் அளக்கிற கருவி ஒன்றை இரவல் வாங்கி, பொருத்துக்குக் கிட்ட நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். பிறகு மெல்லிய உலோக இதழ் ஒன்றை வெடிப்புக்குள் விட்டு ஆழத்தை எழுதி வையுங்கள். முகத்தில் 10, 15 மி.மீ. ஆழம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு ஊடுருவி, மரத்தின் நுனிவரை ஓடியிருந்தால் அது வேறு கதை. நுனியிலிருந்து முதல் போல்ட் எவ்வளவு தூரம் என்றும் அளவுங்கள். இழுவைக்கு விட்டத்தின் 7 மடங்கு, அதாவது 112 மி.மீ. இருக்க வேண்டும். படத்தில் அவ்வளவு இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

அப்புறம் முட்டுக் கொடுங்கள். இழுவை மரத்துக்கு மட்டுமல்ல, சாய்வு மரங்களுக்கும் முகட்டடியில் முட்டு வேண்டும். இழுவை மரத்தை விடுவித்தால் சட்டத்தின் கால்கள் வெளியே ஓடப் பார்க்கும். இரண்டு கால்களையும் கம்பிக் கயிறும் இறுக்கியும் போட்டுக் கட்டாமல் ஒரு நட்டையும் தொடக்கூடாது.

பிளேட்டைக் கழற்றி, அதே இரும்பை இரண்டு பட்டியாக நீட்டாக வெட்டுங்கள். மேல் வரிசைக்கு ஒரு பட்டி, கீழ் வரிசைக்கு ஒரு பட்டி, ஒவ்வொன்றும் 60 மி.மீ. அகலம். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. இனி மரம் சுருங்கினாலும் ஊதினாலும் வரிசைகள் தங்கள் பாட்டில் கிட்ட வரும், விலகும். ஐந்து சதமும் பெறாத மாற்றம் மாதிரித் தோன்றும், ஆனால் வெடிப்பின் காரணத்தை எடுப்பது இது ஒன்றுதான்.

அடுத்ததுதான் உண்மையான பலப்படுத்தல்: நெடுக மரை உள்ள ஸ்க்ரூ. தலைப் பக்கம் மொட்டையாக, நுனியில் மட்டும் மரை உள்ளது சரிவராது. முழு நீளத்துக்கும் மரை இருக்க வேண்டும், அப்போதுதான் வெடிப்பின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். கொங்கிறீட்டில் கம்பி போடுகிற மாதிரி இதை யோசியுங்கள். கொங்கிறீட் இழுவைக்கு ஆகாது, கம்பி வைக்கிறோம். மரம் நாருக்குக் குறுக்கே இழுவைக்கு ஆகாது, ஸ்க்ரூ வைக்கிறோம். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் 2000களில் இதை நிறையச் சோதித்தார்கள். ஒரு வெட்டு முகத்தில் (பிளேட்டும் மரமும் தொடுகிற இடத்தில்) போல்ட் சுமப்பதில் 30 சதவீதத்தை ஸ்க்ரூ தாங்கினால் பிளவு அடங்கும், வரிசையில் உள்ள போல்ட் எல்லாவற்றையும் கழிவில்லாமல் எண்ணலாம் என்ற விதி அந்த வேலையிலிருந்து வந்தது. மேலே சொன்ன 3.26 மறுபடி 4 ஆகிவிடும், புதிதாக ஒரு போல்ட்டும் போடாமல்.

உங்கள் மரத்துக்கு 8 மி.மீ. விட்டம், 240 முதல் 260 மி.மீ. நீளம். மரத்தின் கீழ் விளிம்பிலிருந்து நேர் மேலே, 90 மி.மீ. தடிப்பின் நடுவில். ஒன்றே இரண்டு வரிசையையும் தாண்டிப் போகும். இடம் முக்கியம்: போல்ட் மரத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம், அதாவது மரத்தின் நுனிப் பக்கம், போல்ட்டின் மையத்திலிருந்து 25 மி.மீ. அளவில். தூரப் போனால் வெடிப்பு தொடங்கிய பிறகுதான் ஸ்க்ரூ வேலைக்கு வரும். கீழ் வரிசைக்கும் விளிம்புக்கும் இடையில் 50 மி.மீ. தான் இருப்பதால் அந்தப் பக்கத்துப் பிடி 5, 6 கிலோநியூட்டன்தான். உங்கள் சுமைக்கு அது தாராளம். 5 மி.மீ. துளையை முதலில் நேராகப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். கையால் பிடித்து நேர் பார்க்காதீர்கள். ஒரு மரக்கட்டையில் துளை போட்டு வழிகாட்டியாக வையுங்கள். 260 மி.மீ. போகும்போது நுனி 15 மி.மீ. விலகினால் போல்ட்டில் முட்டி நிற்கும்.

ஒன்று கவனம். ஸ்க்ரூ வெடிப்பை மூடாது. முழு மரை உள்ளது இரண்டு பக்கத்தையும் இருக்கிற இடத்திலேயே பிடித்துவிடும். ஆகவே முதலில் கிளாம்ப் போட்டு வெடிப்பை ஒடுக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஊடுருவிய வெடிப்பென்றால் அதற்கு முன் எபொக்சி ஏற்றலாம். ஆனால் எபொக்சியை மட்டும் நம்பாதீர்கள். சாதாரணமாக அறை வெப்பத்தில் இறுகுகிற எபொக்சிகள் 50, 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் அந்த வெப்பம் எட்டாததல்ல. படகுக்குப் பைபர் போடுகிறவர்கள் வைத்திருக்கிற பொலியெஸ்டர் ரெசினை ஏற்றித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். படகுக்கு நல்லதுதான், மரத்தில் எபொக்சி போல ஒட்டாது.

நுனித் தூரம் குறைவாகவும், வெடிப்பு நுனிவரை போயும் இருந்தால், அந்த முதல் போல்ட்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுங்கள். பட்டியை உள்பக்கம் நீட்டி, வெடிப்பில்லாத மரத்தில் 12 மி.மீ. போல்ட் இரண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஸ்க்ரூ. மரத்தின் மேல் நம்பிக்கையே போய்விட்டதென்றால், இரண்டு முகத்திலும் ஒவ்வொரு 16 மி.மீ. இரும்புக் கம்பியைச் சட்டத்தின் காலிலிருந்து காலுக்கு இழுத்துக் கட்டி, இழுவை மரத்தை ஓய்வெடுக்க விடலாம். வடிவு இல்லை, ஆனால் நித்திரை வரும்.

வேறு வழிகளும் இருக்கின்றன, புதிதாகக் கட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். போல்ட் வருகிற இடத்தில் இரண்டு முகத்திலும் கடல் தரப் பிளைவுட் ஒட்டினால், அதன் குறுக்குப் படைகள் பிளவைப் பிடிக்கும். தளபாடத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் வைக்கிற பல்லுத் தட்டு, 75 மி.மீ. விட்டம் உள்ளது, போல்ட்டின் வலிமைக்கு மேல் 11 கிலோநியூட்டன் அளவு சேர்க்கும், ஆனால் மென்மரத்துக்குத்தான். முதிரையிலோ பாலையிலோ அந்தப் பல்லை இறக்கப் பார்த்தால் பல்லுத்தான் வளையும்.

போல்ட்டைத் திருப்பிப் போடும்போது வாசரை மாற்றுங்கள். 16 மி.மீ. போல்ட்டுக்குக் கடையில் தருகிற வாசர் 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்பு, அது இரும்புக்கு உரியது. மரத்துக்கு அகலம் விட்டத்தின் 3 மடங்கு, தடிப்பு 0.3 மடங்கு: 48 மி.மீ., 5 மி.மீ. உங்களுக்கு ஒரு பக்கமும் மறுபக்கமும் பிளேட் இருப்பதால் இங்கே பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் பேர்லின் பிடிக்கிற போல்ட்டுகளில் வாசர் மரத்துக்குள் புதைந்து கிடப்பது உங்கள் மூன்றாவது படத்தில் தெரிகிறது. அதே படத்தில் கறளும் தெரிகிறது. மஞ்சள் பூச்சுப் போல்ட் காரைநகர் உப்புக் காற்றுக்கு இரண்டு மாரி தாங்காது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த கல்வனைஸ் குறைந்தபட்சம்; காசு இருந்தால் 316 துருப்பிடிக்காத உருக்கு. இரண்டையும் ஒரே பொருத்தில் கலக்க வேண்டாம்.

ஈரத்தை அளந்ததும் எண்ணை எனக்கு எழுதுங்கள். 16 சதவீதத்துக்கு மேல் காட்டினால் முட்டுக் கொடுத்து, பிளேட்டை மட்டும் பட்டியாக மாற்றிவிட்டு, ஸ்க்ரூ வேலையை அடுத்த ஆனிவரை தள்ளிப்போடுங்கள். மரம் வற்றி முடியட்டும். நட்டுகளை மட்டும் ஒவ்வொரு ஆடியிலும் ஒருக்கா இறுக்கி வாருங்கள், மூன்று வருடத்துக்கு.